50 டொலர் தாளில் இருப்பவரும் தபால்காரரின் சீருடையும்

சிவப்பு நிற 50 டொலர் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். காசாகக் கையில் எதுவும் வைத்திருக்காத ஆட்கள் நீங்கள் என்றால் அப்பாவிடம் கேளுங்கள். கலியாண வீட்டு என்வலப்புக்கென்று எப்படியும் ஒன்று வைத்திருப்பார். அதில் இருக்கும் முகம் வில்லியம் லையன் மக்கென்சி கிங். கனடாவின் பிரதமராக மிக நீண்ட காலம், எல்லாம் சேர்த்து 21 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். கிரேட் 10 வரலாற்று வகுப்பில் இவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள்: இரண்டாம் உலகப்போர், கட்டாய இராணுவ சேவைச் சண்டை, அப்புறம் இறந்துபோன அம்மாவின் ஆவியோடு பேச முயன்ற விசித்திரமான மனிதர்.

அந்த வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராத ஒரு கிங் இருக்கிறார். வயது 22. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். சிக்காகோவில் ஏழைக் குடியேறிகளுக்காக ஜேன் அடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸில் சில காலம் தங்கிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். 1897 இலையுதிர்காலத்தில் ‘மெயில் அண்ட் எம்பயர்’ என்ற ரொறன்ரோ நாளிதழுக்காக நகரத்தின் ஏழைகளைப் பற்றி ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். நெருக்கமான வீடுகள், வெளிநாட்டவர் வாழும் பகுதிகள், கடைசியாகத் தையல் வேலை. அதற்காக வீடு வீடாகப் போனார்.

அப்படிப் போன இடத்தில், சில சதங்களுக்காக வீட்டுக்குள் குனிந்திருந்து தைத்துக்கொண்டிருந்த பெண்களைக் கண்டார். அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது கனடாத் தபால்காரர்களின் சீருடை. அதாவது அந்தக் கூலிக்கு அவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தது, பல கைகள் தாண்டி, அரசாங்கமே.

இது எப்படி நடந்தது என்று விளங்க, அந்தக் காலத்து ரொறன்ரோவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1879இல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் ‘நஷனல் பொலிசி’ கொண்டுவந்தார். வெளியிலிருந்து வரும் பொருட்களுக்குக் கூடிய வரி. அமெரிக்காவில் செய்த உடுப்பை, உழவு இயந்திரத்தை வாங்குவதைவிட இங்கேயே செய்வது இலாபம் என்றாயிற்று. அதே ஆண்டு மாஸி கம்பனி தன் விவசாய இயந்திரத் தொழிற்சாலையை ரொறன்ரோவின் கிங் வீதி மேற்குக்குக் கொண்டுவந்தது. இன்று லிபர்ட்டி விலேஜ் கொண்டோக்கள் நிற்கிற பக்கம். நத்தார் சந்தைக்கு நீங்கள் போகிற டிஸ்டிலரி டிஸ்ட்ரிக்ட் அப்போது கூடர்ஹாம் அண்ட் வோர்ட்ஸ் சாராய ஆலை. ரயில் இருந்தது, ஏரித் துறைமுகம் இருந்தது, வேலைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1901இல் ஏறக்குறைய 2 இலட்சத்து 8 ஆயிரமாக இருந்த நகரத்தின் சனத்தொகை இருபதே வருடத்தில் 5 இலட்சத்தைத் தாண்டியது.

உருக்கு ஆலைக்குப் பெரிய கட்டடம் வேண்டும், உலை வேண்டும். தையலுக்கு ஒரு தையல் மெஷின் போதும். துணியை வெட்டுவதற்கு மட்டும்தான் ஒரு இடமும் தேர்ந்த கையும் தேவை. வெட்டிய துண்டுகளை மூட்டையாகக் கட்டி யாருடைய வீட்டுக்கும் அனுப்பலாம். வீட்டுக்காரி தன் வாடகையில், தன் விளக்கில், தன் நூலில் தைத்துக் கொடுப்பாள். வேலை இல்லாத மாதத்தில் அவளுக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. முதலாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் செலவில்லாத தொழிற்சாலை.

இந்த முறைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அரசாங்கம் ஒரு பெரிய கம்பனிக்கு ஒப்பந்தம் கொடுக்கும். அது இன்னொருவருக்கு உப ஒப்பந்தம் கொடுக்கும். அவர் வேறொருவருக்கு. ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவதுதான் தைக்கிறவளுக்கு. நான் ஐடி கன்சல்டன்ட். எங்கள் துறையில் ஒரு வங்கி மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க, நடுவில் இரண்டு மூன்று ஏஜென்சிகள் நின்று கிள்ளிக்கொள்ள, கடைசியில் கோட் எழுதுகிற ஆளுக்கு, அதுவும் அவர் புதிதாக வந்தவராக இருந்தால், என்ன போய்ச் சேரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் 1897இன் கணக்கை வாசித்தபோது எனக்கு அது பழைய கதையாகப் படவில்லை.

கிங் என்ன செய்தார்? கட்டுரை எழுதியதோடு நிற்கவில்லை. தபால் மா அதிபர் வில்லியம் முலொக் அவர்களுக்குக் குடும்ப நண்பர். நேரே போய்ச் சொன்னார். முலொக் அவரையே விசாரித்து அறிக்கை தரச் சொன்னார். 1898இல் அறிக்கை வெளிவந்தது. தபால்காரர் சீருடை மட்டுமல்ல, இராணுவச் சீருடைகளும் இப்படித்தான் தைக்கப்படுகின்றன என்று அது காட்டியது. 1900 மார்ச்சில் பாராளுமன்றம் நியாயக் கூலித் தீர்மானத்தை நிறைவேற்றியது: அரசாங்க வேலையை எடுக்கும் ஒப்பந்தக்காரர் அந்த ஊரில் அந்த வேலைக்கு வழக்கமாக உள்ள கூலியைக் கொடுக்க வேண்டும். அதே ஆண்டு தொழில் திணைக்களம் உருவானது. அதை நடத்த வந்தவர் கிங். அப்போது வயது 25.

ஒரு இளைஞர் கண்ணால் பார்த்ததை எழுதினார், சட்டம் மாறியது. கதையை இதோடு முடித்திருந்தால் நல்ல பள்ளிக்கூடக் கட்டுரை. ஆனால் அதே நகரத்தில், இன்றைய ஈட்டன் சென்ரருக்குப் பின்னாலேயே, கதை வேறு மாதிரி ஓடியது.

நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் ஸ்கேட்டிங் செய்திருப்பீர்கள். ரொறன்ரோ சைன் முன்னால் செல்ஃபி எடுத்திருப்பீர்கள். அந்தப் பனித்தளத்துக்குக் கீழே இருப்பது ஒரு காலத்தில் ‘வோர்ட்’ என்று அழைக்கப்பட்ட குடியிருப்பின் ஒரு மூலை. சென்ற் ஜோன்ஸ் வோர்ட் என்பது முழுப்பெயர். குயின் வீதிக்கும் கொலிஜ் வீதிக்கும் இடையில், யங் வீதியிலிருந்து யூனிவேர்சிற்றி அவெனியூ வரை. அமெரிக்காவில் 1850இல் தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் கடுமையானபோது, எல்லை கடந்து வந்த கறுப்பினத்தவர்களில் பலர் இங்கே குடியேறித் தேவாலயம் கட்டினார்கள். பஞ்சத்துக்குத் தப்பிய ஐரிஷ்காரர் வந்தார்கள். பிறகு ரஷ்யப் பேரரசின் படுகொலைகளுக்குத் தப்பிய யூதர்கள், இத்தாலியர்கள், சீனர்கள். 1901இல் ரொறன்ரோ முழுவதிலும் 3 ஆயிரம் அளவில் இருந்த யூதர்கள், 1911இல் 18 ஆயிரம் ஆனார்கள்.

ஏன் எல்லோரும் இங்கே? வாடகை குறைவு, ஆட்கள் சொந்தம், வேலை நடந்துபோகும் தூரம். எங்கள் ஆட்கள் எண்பதுகளின் கடைசியில் சென்ற் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடத்தில் மாடி மாடியாக நிறைந்ததற்குச் சொல்லும் அதே மூன்று காரணங்கள்.

அந்த நடந்துபோகும் தூர வேலை பெரும்பாலும் ஈட்டன்ஸ். கடை மட்டுமல்ல. கடைக்குப் பின்னால் அடுக்கடுக்காகத் தொழிற்சாலைகள். நாடு முழுக்கப் போகும் கற்றலொக்கில் வரும் கோட்டும் பாவாடையும் அங்கேதான் தைக்கப்பட்டன. 1912 பெப்ரவரியில் நிர்வாகம் ஒரு உத்தரவு போட்டது. பெண்களின் கோட்டுக்கு உள்லைனிங் தைப்பது அதுவரை பெண்கள் கையால் செய்த வேலை. இனி மெஷினில் இருக்கும் ஆண்களே அதையும் சேர்த்துத் தைக்க வேண்டும், மேலதிகக் கூலி இல்லை. உத்தரவின்படி நடந்தால் ஆண்களுக்கு வேலை கூடும், பெண்களுக்கு வேலையே போகும்.

65 ஆண்கள் மறுத்தார்கள். சகோதரிகளின் வாய்க்குப் போகும் ரொட்டியை நாங்கள் பறிக்கமாட்டோம் என்பது அவர்கள் யிடிஷ் மொழியில் சொன்ன காரணத்தின் சாரம். அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈட்டன்ஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஏறக்குறைய எல்லோரும் யூதர்கள், மூன்றிலொரு பங்கு பெண்கள். கடையைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது. நாலு மாதம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு தோற்றார்கள்.

தோற்றதற்கு ஒரு முக்கிய காரணம், யூதரல்லாத தொழிலாளர்களில் மிகச் சிலரே சேர்ந்துகொண்டார்கள். இது ‘அவர்களுடைய’ சண்டை என்று மற்றவர்கள் பார்த்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்தபின் யூதர்களை வேலைக்கு எடுப்பதை ஈட்டன்ஸ் நீண்ட காலம் தவிர்த்தது. 15 வருடத்துக்கு முன் சட்டமாகும் அளவுக்கு இரக்கத்தைத் தூண்டிய அதே தையல்காரர்கள்தான். தாங்களே வாய் திறந்து கேட்டபோது அந்த இரக்கம் வரவில்லை.

இதே ஆண்டுகளில் வோர்ட்டுக்குள் இன்னொரு ஆளும் நடந்துகொண்டிருந்தார். டொக்டர் சார்ள்ஸ் ஹேஸ்டிங்ஸ். 1910இல் நகரத்தின் சுகாதார அதிகாரியானவர். தன் மகளைத் தைபொயிட்டுக்குப் பலிகொடுத்தவர். கெட்டுப்போன பால்தான் காரணம். அதன்பின் பாலும் தண்ணீரும் அவருக்கு வாழ்நாள் வெறியாகிவிட்டன. 1910இல் ரொறன்ரோவின் குடிநீரில் குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் பாலைக் காய்ச்சிச் சுத்திகரிப்பது கட்டாயமாயிற்று, கனடாவில் மற்ற நகரங்களுக்கு முன்னால். 1911இல் வோர்ட்டையும் வேறு சில பகுதிகளையும் வீடு வீடாகப் பரிசோதித்து அவர் ஓர் அறிக்கை எழுதினார்: வெளிக் கக்கூசுகள், வடிகால் இல்லாத முற்றங்கள், வெளிச்சமே வராத நிலவறை அறைகள், ஒரு வீட்டுக்குப் பின்னால் ஒளித்துக் கட்டிய இன்னொரு வீடு. நகரத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஆர்தர் கொஸ் இவற்றைப் படமெடுத்தார். அந்தப் படங்கள் ரொறன்ரோ நகர ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருநாள் பாருங்கள். சில படங்களில் பின்னணியில் 1899இல் கட்டி முடித்த, இன்று ‘ஓல்ட் சிற்றி ஹோல்’ என்கிற கட்டடத்தின் கோபுரம் நிற்கும். நகரசபை ஜன்னலைத் திறந்தால் தெரிகிற தூரம்.

ஹேஸ்டிங்ஸ் எனக்குப் பிடித்த மனிதர். பொறியியல் படித்தவர்களுக்குக் குளோரின் ஒரு தனிச் சந்தோஷம்: யாருக்கும் புத்தி சொல்லத் தேவையில்லை, குழாயில் சேர்த்தால் பணக்காரரும் ஏழையும் ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள், சாவு குறைகிறது. ஆனால் வீட்டு விஷயத்தில் சீர்திருத்தம் இவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை. பழுதான வீடுகள் மூடப்பட்டன, இடிக்கப்பட்டன. அங்கிருந்தவர்களுக்குப் பதில் வீடு அதே வேகத்தில் கட்டப்படவில்லை. அதைவிட, 1912இல் நகரசபை நல்ல குடியிருப்பு வீதிகளில் அப்பார்ட்மென்ட் கட்டடங்களைத் தடைசெய்தது. வோர்ட் மாதிரி இன்னொன்று உருவாகிவிடக் கூடாது என்பது வெளியே சொன்ன பயம். அதனால் நடந்தது, ஏழைகள் எங்கே வாழலாம் என்பது இன்னும் சுருங்கியது. வோர்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் போனது. அங்கே மிஞ்சியிருந்த பழைய சைனாரவுணின் பெரும்பகுதியையும் ஐம்பதுகளில் எடுத்துக்கொண்டுதான் 1965இல் திறந்த புதிய சிற்றி ஹோலும் சதுக்கமும் வந்தன.

மறுபடி கிங்கிடம் வருகிறேன். இந்தப் பகுதி எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

1907 செப்டெம்பரில் வான்கூவரில் ஒரு வெள்ளையர் கும்பல் சீன, ஜப்பானியர் குடியிருப்புகளைத் தாக்கியது. நட்டத்தைக் கணக்கிட ஒட்டாவா அனுப்பியது கிங்கை. நட்ட ஈட்டைச் சரியாகவே பரிந்துரைத்தார். ஆனால் ஆசியர்கள் வருவதுதான் பிரச்சினை என்ற முடிவோடும் திரும்பினார். 1908இல் இந்தியர்களின் குடிவரவைப் பற்றிப் பேச அரசாங்கம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. திரும்பி வந்து எழுதிய அறிக்கையில், இந்தியர்கள் வெப்பநாட்டுக்காரர், இந்த நாட்டுக்குப் பொருத்தமற்றவர்கள், அவர்களைத் தடுப்பது அவர்கள் நன்மைக்கே என்ற தோரணையில் வாதிட்டார். (எங்கள் அம்மம்மா எண்பது வயதில் பெப்ரவரி மாதம் மார்க்கம் றோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர். அதை விடுவோம்.)

அதே ஆண்டு வந்ததுதான் ‘தொடர் பயண’ விதி. பிறந்த நாட்டிலிருந்து எங்கும் இறங்காமல், அங்கேயே வாங்கிய ஒரே ரிக்கற்றில் வந்தால் மட்டும்தான் கனடாவில் இறங்கலாம். இந்தியாவிலிருந்து அப்படி வர வழியே இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். சட்டத்தில் இந்தியர் என்ற சொல்லே இல்லை. அதுதான் அதன் கெட்டித்தனம். 1914இல் 376 பயணிகளோடு வான்கூவருக்கு வந்த கோமகட்ட மாரு கப்பலைத் திருப்பி அனுப்பியது இந்த விதி. அப்போது கிங் பதவியில் இல்லை, விதி இருந்தது. 1923இல் அவர் பிரதமராக இருந்தபோது சீனர்களை ஏறக்குறைய முற்றாகத் தடுக்கும் சட்டம் வந்தது. 1947இல் அதை நீக்கியதும் அவருடைய அரசாங்கமே. ஆனால் அதே 1947இல் பாராளுமன்றத்தில், பெருமளவு குடிவரவால் நாட்டு மக்களின் தன்மை அடிப்படையில் மாறுவதைக் கனேடியர்கள் விரும்பவில்லை என்றும் பேசினார்.

அவர் இறந்து ஓராண்டில், 1951இல், தெற்காசியர்களுக்கு ஒரு கதவு திறந்தது. ஆண்டுக்கு இந்தியாவிலிருந்து 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100 பேர், இலங்கையிலிருந்து 50 பேர். ஐம்பது. ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ் நிறைய. அதன்பின் பல ஆண்டுகளுக்கு எங்கள் நாட்டுக்கு ஒதுக்கிய இடம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கதவு எப்போதும் இப்படித்தான், திறந்தும் மூடியும். 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள், நாடு தங்க அனுமதித்தது. 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது அநேகரைத் தடுப்புக்காவலில் வைத்தது. இரண்டாவதை நாங்கள் ரிவியில் பார்த்தோம். ‘இவர்கள் வரிசையைத் தாண்டி வந்தவர்கள்’ என்று அப்போது வேலையிடத்தில் கேட்ட கதையை, எங்கள் ஆட்கள் சிலரே திருப்பிச் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது ஸ்காபரோ உணவகங்களில் வேறு நாட்டு மாணவர்களைப் பற்றி அதே குரலில் கதைக்கிறோம்.

கிங் பொய்யாக இரக்கப்பட்டார் என்று நான் நினைக்கவில்லை. தபால்காரர் சீருடையைத் தைத்த பெண்ணுக்காக அவர் உண்மையாகவே கோபப்பட்டார். அவருக்கு அவள் ஏற்கெனவே உள்ளே இருந்தவள். உள்ளே இருப்பவரின் கூலியைக் காப்பாற்ற, குறைந்த கூலிக்கு வரக்கூடியவரை வெளியே நிறுத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் காலத்துத் தொழிற்சங்கங்களில் பலவும் அதே கணக்கைத்தான் போட்டன. அந்த 65 ஆண்கள் அந்தக் கணக்கைப் போடவில்லை. அதனால்தான் தோற்றும் அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்கு இந்த விஷயம் ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் எங்கள் அப்பார்ட்மென்டின் சாப்பாட்டு மேசையில் சாப்பிட்டது குறைவு. அதில் அம்மாவின் மெஷின் இருந்தது. கறுப்புக் குப்பைப் பைகளில் வெட்டிய துணி வரும், தைத்துத் திரும்பிப் போகும். ஒரு கொலருக்கு இத்தனை சதம். யார் கடைசியில் அதை விற்றார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, கொண்டுவருகிற வான்காரரை மட்டும்தான் தெரியும். அந்த ஆண்டுகளில் ரொறன்ரோவில் வீட்டில் தைப்பவர்களுக்கென்று தையல் தொழிற்சங்கம் ஒரு அமைப்பையே உருவாக்கியது, அதில் பெரும்பாலும் சீனப் பெண்கள். அம்மா அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

போன மாதம் அவருக்கு இந்தக் கதையை 50 டொலர் தாளோடு சொன்னேன். சீருடை, அறிக்கை, நியாயக் கூலி, எல்லாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிங்கின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்ப அவைக்குக் கூலி கூட்டிக் குடுத்தவங்களோ?”

அரசாங்க வேலைக்கு விதி வந்தது என்றேன். இனி ஒப்பந்தக்காரர் வேலையை வெளியே வீடுகளுக்குக் கொடுக்கக் கூடாது, தன் சொந்த இடத்திலேயே செய்விக்க வேண்டும் என்றும் வைத்தார்கள் என்றேன். அது எனக்கு நல்ல செய்தியாகத்தான் பட்டிருந்தது.

அம்மா தாளைத் திருப்பித் தந்தார்.

“அப்ப கைப்பிள்ளை வைச்சிருந்த பொம்பிளையள் என்ன செய்திருப்பினம்?”